மிதக்கும் தீவில் யாருடைய ஆட்சி? – வாசகர் கேள்வி பதில்

மாயாஜாலக் கதைகள் எழுதும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், எந்த அரசுக்கும் அடங்காத மிதக்கும் தீவுக் குடியிருப்பு பற்றிய கேள்விகள் இம்முறை மிகுதி. நான்கு வாசகர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என் நாவலில் நாடற்ற மக்கள் பெரிய ஏரி ஒன்றில் மிதக்கும் தீவில் வாழ்கிறார்கள். தீவு மந்திரத்தால் மிதக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா?

எழுதலாம். ஆனால் அந்த ஒரு வரியால் கதைக்குக் கிடைக்கவேண்டிய பெரும் செல்வத்தைத் தாங்கள் இழந்துவிடுவீர்கள். ஒரு தீவு எப்படி மிதக்கிறது என்பதுதான் அங்கே யார் யாரிடம் எதற்காகப் போய் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பெரு, பொலிவியா எல்லையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்திலுள்ள டிட்டிகாகா ஏரியில் ஊரோஸ் மக்கள் தாங்களே தீவு கட்டி வாழ்கிறார்கள். தோத்தோரா என்ற நாணலின் வேர்க்கட்டைகளைப் பாளம் பாளமாக வெட்டிக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் அறுத்த நாணலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, தீவு அடித்துச் செல்லப்படாமல் கழிகளில் கட்டி நிறுத்துகிறார்கள். அடிப்பகுதி அழுகிக்கொண்டே இருப்பதால் மேலே புது நாணலைப் பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வீட்டார் அதைச் செய்யாமல் விட்டால் பக்கத்து வீட்டாரின் அடுப்படியும் நனையும். குடும்பங்களுக்குள் தீராத பகை வந்தால் ரம்பத்தால் தீவையே அறுத்துக்கொண்டு பிரிந்து போவதும் அங்கே உண்டு. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல காட்சி வேறெங்கே கிடைக்கும்?

மணிப்பூரின் லோக்டாக் ஏரியிலுள்ள பும்டி என்னும் மிதவைத் திட்டுகள் இயற்கையாக உருவானவை. மட்கிய செடிகொடிகளும் மண்ணும் சேர்ந்த அந்தத் திட்டின் பெரும்பகுதி நீருக்கடியில்தான் கிடக்கும். முன்பெல்லாம் கோடையில் நீர் வற்றும்போது திட்டு ஏரியின் தரையில் அமர்ந்து, வேர்கள் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்ததும் மீண்டும் எழும். 1983-இல் இத்தாய் தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்தபின் ஏரியில் ஆண்டு முழுவதும் நீர் உயர்ந்தே நிற்பதால் திட்டுகள் தரை தொட முடியாமல் மெலிந்துபோகின்றன. தங்கள் தீவும் ஆண்டுக்கொருமுறை தரை தொட்டாக வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். எவருக்கும் அடங்காத மக்கள் அந்தச் சில வாரங்களில் மட்டும் கரைநாட்டு மன்னனின் குதிரைப்படைக்கு எட்டும் இடத்தில் இருப்பார்கள்.

மந்திரம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். நாணலைப் போல அதுவும் அழுகவேண்டும், வீட்டுக்கு ஓராள் வந்து அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

நன்னிலத்திலிருந்து ஓர் ஆசிரியர்: அரசனும் காவலரும் இல்லாத தீவில் குற்றத்துக்குத் தண்டனை என்ன? தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்றுதானே காட்ட முடியும்?

அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள்; படிக்கும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. தடி எடுத்தவன் ஆளும் மிதவை, அடுத்த மழைக்குள் மூழ்கிவிடும். மேலே நாணல் பரப்ப ஆள் வரமாட்டார்கள்.

1719 முதல் 1722 வரை அட்லாண்டிக்கில் கப்பல்களைச் சூறையாடிய பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கொள்ளையர் கூட்டம், உலகத்து அரசுகள் அனைத்துக்கும் எதிரி. அவர்களுடைய கப்பலிலோ எழுதிவைத்த விதிகள் இருந்தன: முக்கிய விஷயங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, காசு வைத்துச் சூதாடக் கூடாது, இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும், கப்பலில் ஒருவரையொருவர் அடிக்கக் கூடாது, சண்டையைக் கரையில் தீர்த்துக்கொள்ள வேண்டும், பணியில் கைகால் இழந்தவருக்குப் பொதுப்பணத்திலிருந்து ஈடு உண்டு. மரக்கலத்தில் தீப்பிடித்தால் கொள்ளையனும் சாவான். தங்கள் தீவின் விதிகளும் இப்படி அச்சத்திலிருந்தே பிறக்கட்டும். நாணல் தரையில் அடுப்பை எங்கே மூட்டலாம் என்பதே அங்கே முதல் சட்டமாக இருக்கும்.

நம் காவிரி டெல்டாவில் வாழ்கிறவருக்கு இது புரியாத செய்தியல்ல. தலைமடைக்காரர் மதகைத் திறந்தே வைத்துக்கொண்டால் கடைமடை வயல் காயும். அதனால்தான் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். முறை தவறும் என்ற ஐயம் வந்தால் நள்ளிரவில் டார்ச் விளக்கோடு மடையருகே காவல் இருக்கிறோம். வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு வரும் குடிமராமத்து, 1858-இல் ஆங்கில ஆட்சி அதற்கென்று சட்டம் போடுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழக்கம்.

நாகப்பட்டினம், காரைக்கால் கரையோர மீனவக் கிராமங்களின் ஊர்ப் பஞ்சாயத்தையும் தாங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். தலைக்கட்டுக்கு, அதாவது ஆண் தலைமையிலான குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி வைப்பதும், எந்த வலையை எப்போது போடலாம் என்று சொல்வதும், மீறியவருக்கு அபராதம் விதிப்பதும், தொழிலுக்குப் போகாதே என்று தடுப்பதும் அந்தப் பஞ்சாயத்துதான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பொருள்களைப் பிரித்துக் கொடுப்பதிலும் அதன் கை பெரிதாக இருந்தது. அதே அமைப்பில் பெண்களுக்கு இடமில்லாததும், தலைக்கட்டுக் கணக்கில் பிரித்தபோது ஆண்துணை இல்லாத பெண்கள் விடுபட்டுப்போனதாக எழுந்த குறையும் உண்மை. ஊர்விலக்கு எவ்வளவு கொடிய தண்டனை என்பதையும் நாம் அறிவோம். சுற்றிலும் நீர் சூழ்ந்த தீவில் அது மரண தண்டனைக்குச் சமம். ஆகவே அரசனில்லாத தீவைச் சொர்க்கமாகவும் எழுதிவிடாதீர்கள். அங்கே கூடும் சபையில் யார் உட்காருகிறார்கள், யார் வெளியே நின்று கேட்கிறார்கள் என்பதில் தங்கள் கதை தொடங்கலாம்.

திருட்டைப் பற்றி ஒரு சொல். ஸ்ரீநகர் தால் ஏரியின் மிதக்கும் காய்கறித் தோட்டங்களை இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போய்விடும் திருட்டு பழங்காலந்தொட்டுப் பேசப்படுவது. நிலத்தையே கட்டி இழுத்துப்போக முடியும் ஊரில் எல்லைத் தகராறு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்: படைபலம் மிக்க அண்டை நாடுகள் இப்படியொரு தீவை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

இரண்டு நாடுகள் உரிமை கோரும் இடத்தைச் சில சமயம் எந்த நாடும் சரிவர ஆள்வதில்லை. ஹாங்காங்கின் கௌலூன் கோட்டை நகர் அப்படி வளர்ந்தது. சுற்றுப்பகுதியை ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு விட்ட 1898 ஒப்பந்தத்தில் சீனா அதை மட்டும் தன்வசம் வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் சீன அதிகாரிகளை வெளியேற்றினாலும், தாங்களும் அதைச் சரிவர ஆளவில்லை. சுமார் 2.6 ஹெக்டேர் பரப்பில், 1987 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 33,000 பேர் அடுக்கு வீடுகளில் வாழ்ந்தார்கள். குற்றக் கும்பல்களும் இருந்தன. உரிமம் பெறாத பல் மருத்துவர்களும், மீன் உருண்டை செய்யும் பட்டறைகளும், வீட்டு விற்பனைக்குச் சாட்சி நின்ற குடியிருப்போர் சங்கமும் இருந்தன. இரு அரசுகளும் உடன்பட்ட பிறகே 1993-இல் அதை இடிக்கத் தொடங்க முடிந்தது. தங்கள் தீவும் இரு நாட்டு நீரெல்லையில் அலையட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீவினர் கடத்தும் பொருள் போதைப்பொருளாகத்தான் இருக்க வேண்டுமா? தங்கள் ஊரில் 1930-இல் உப்பு எடுத்ததே குற்றமாக இருந்தது. திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியின் குழுவுக்குச் சோறும் தங்குமிடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் எச்சரித்தும், வழியிலிருந்த மக்கள் மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டிவைத்துப் பசியாற்றினார்கள். தீவினர் கரைக்கு உப்பு கடத்தட்டும். சட்டம் யார் பக்கம், நியாயம் யார் பக்கம் என்பதை வாசகரே எடைபோடுவார்.

முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: கடலில் மிதக்கும் தீவில் குடிநீருக்கு என்ன வழி?

நடுக்கடல் வேண்டாம், தங்கள் ஊர்க் காயலையே மாதிரியாகக் கொள்ளுங்கள். கோரையாறும் பாமணியாறும் வந்து சேரும் அலையாத்திக் காட்டு நீர், வடகிழக்குப் பருவமழையில் உப்புக் குறைந்தும் கோடையில் கரித்தும் இருக்கிறது. அதுபோன்ற முகத்துவாரத்தில் மிதக்கும் தீவினர் ஐப்பசி, கார்த்திகை மழையைச் சால்களில் பிடித்துவைத்து, மாசி பிறந்ததும் தீவை ஆற்றின் மேல்பக்கம் இழுத்துச் செல்லலாம். அதற்கு எத்தனை பேர் கயிறு பிடிக்க வேண்டும், ஆற்றுக்கரை ஊரார் வழிவிடுவார்களா, வழிவிட்டால் பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.