தொப்பி வாங்குகிறீர்களா? கழற்றவும் தெரிந்துகொள்ளுங்கள்

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். கூட வேலை பார்த்தவர் தவறிவிட்டார். சர்ச்சில் பிரார்த்தனை, அப்புறம் கல்லறையில் அடக்கம். பனிக்காலத்துக்காக வாங்கிய ஃபெல்ட் (ரோமத்தையோ கம்பளியையோ அழுத்திச் செய்த துணி) தொப்பியை எங்கே கழற்ற வேண்டும்?

பதில்: சர்ச் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். ஆண்கள் வெறுந்தலையோடு பிரார்த்திப்பது அங்கே பழைய வழக்கம். உள்ளே போனதும் மடியில் வைத்துக்கொள்ளலாம். கல்லறை திறந்தவெளிதான், ஆனாலும் சவப்பெட்டி உங்களைக் கடந்து போகும்போதும், ஜெபம் சொல்லும்போதும் தொப்பி கையில்தான் இருக்க வேண்டும். வியர்வை படிந்த உள்பக்கம் அடுத்தவர் கண்ணில் படாதபடி உங்கள் பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். ஜெபம் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். யூதர்களின் ஜெபாலயத்துக்கோ குருத்வாராவுக்கோ போக நேர்ந்தால் முறை தலைகீழ். அங்கே தலையை மூடியிருப்பதுதான் மரியாதை.

கேள்வி: ஹோட்டலில் சாப்பிடும்போதுகூட என் மகன் பேஸ்பால் கேப்பைக் கழற்றுவதில்லை. 'இது தொப்பி இல்லை, கேப்' என்கிறான். – திருச்சி வாசகி

பதில்: கேப்பும் தொப்பிதான். கழற்றச் சொல்லுங்கள். ஒரே ஒரு விலக்கு: சிகிச்சையால் முடி இழந்தவர்களிடம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

கேள்வி: ஆன்லைனில் 'ஒரிஜினல் பனாமா' என்று போட்டிருந்ததை நம்பி 899 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து நாள் ஆகவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு தூறல் விழுந்ததும் விளிம்பு தொங்கிவிட்டது, இழை இழையாகப் பிரிகிறது. 'தள்ளுபடிப் பொருள், ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள். – சென்னை வாசகர்

பதில்: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். உங்களுக்கு வந்தது காகிதத் தொப்பி. காகிதத்தை முறுக்கி நூலாக்கி, அதைப் பின்னி விற்கிறார்கள். காகிதம் என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, வெயிலுக்குப் போட்டுக்கொள்ளலாம். பனாமா என்று பெயர் சூட்டி விற்பதுதான் வயிற்றெரிச்சல். உண்மையான பனாமா தொப்பி வருவது ஈக்வடாரிலிருந்து. டொக்கிலா என்ற செடியின் இளம் ஓலையைக் கீறி, அவித்து, காயவைத்து, கையாலேயே பின்னுகிறார்கள். மெல்லிய இழையில் செய்யும் உயர்ந்த ரகத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பின்னல் கலையை யுனெஸ்கோ 2012-இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட ஒன்று கடல் தாண்டி வந்து 899 ரூபாய்க்குக் கிடைக்காது. இது விற்பவனுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த முறை தொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைப்பின்னல் என்றால் உச்சியின் நடுவிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக விரிந்திருக்கும். ஓலை தட்டையாக, நிறத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இழை எல்லாம் ஒரே நிறத்தில், முறுக்கிய நூல் மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். நல்லதே கிடைத்தாலும் வணக்கம் சொல்லும்போது உச்சி மடிப்பைக் கிள்ளித் தூக்காதீர்கள். காய்ந்த ஓலை முதலில் விரிசல் விடுவது அங்கேதான். விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

இனி உங்கள் பணம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்பது கணக்கு. 'ஒரிஜினல்' என்று போட்டிருக்கும் அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆஃபரில் மூன்று தொப்பி வாங்கினேன். மூன்றும் இறுக்கம், தலை வலிக்கிறது. டேக்கை வெட்டிவிட்டதால் மாற்றித் தர மறுக்கிறார்கள். கேஸ் போடலாமா? – கோவை வாசகர்

பதில்: எதை வைத்துப் போடுவீர்கள்? பொருளில் குறை இல்லை. தலையை அளக்காமல் வாங்கி, போட்டும் பார்க்காமல் டேக்கை வெட்டியது நீங்கள். புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலே டேப்பைச் சுற்றி, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 58 செ.மீ. தலைக்கு அமெரிக்க அளவு 7¼, பிரிட்டிஷ் அளவு 7⅛. வெறும் எண்ணைப் பார்த்து ஆர்டர் செய்தால் மறுபடியும் இதே கதைதான். போட்ட பிறகு உள்பட்டிக்கும் நெற்றிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். பிடுங்கித்தான் எடுக்க வேண்டிய தொப்பியைக் கழற்ற வேண்டிய இடத்தில் யாரும் கழற்ற மாட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் மகனின் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போகிறேன். தேசிய கீதத்தின்போது தொப்பி?

பதில்: கழற்றுங்கள். அந்நாட்டு ஆண்கள் வலக்கையால் கழற்றி இடது தோளருகே, உள்ளங்கை நெஞ்சில் படும்படி பிடிப்பார்கள். வெளிநாட்டவர் நேராக நின்றால் போதும்.

கேள்வி: 'பத்து எக்ஸ் பீவர் ஃபெல்ட்' என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா? – பெங்களூரு வாசகர்

பதில்: பீவர் என்பது நீரில் வாழும் ஒரு விலங்கு, அதன் ரோமத்தில் செய்தது பீவர் ஃபெல்ட். எக்ஸ் கூடக்கூட ரகம் உயர்வு என்பார்கள். அந்த எக்ஸை நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான தர அளவு எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் பத்து இன்னொன்றின் ஐந்தாக இருக்கும். ஊட்டியில் ஒரு கடைக்காரர் முயல் ரோமம் என்று அடித்துச் சொல்லி எனக்கு ஒரு கறுப்புத் தொப்பி கொடுத்தார். முதல் மழையில் நெற்றி முழுக்கச் சாயம். காய்ந்ததும் சுருங்கி, தலையில் இறங்கவே இல்லை. மலிவான கம்பளி! பில்லில் வெறும் 'தொப்பி 1' என்று இருந்ததால் கேட்கவும் வழியில்லை. எந்த ரோமம், எத்தனை சதவீதம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.