மொட்டை மாடி டிஷ்ஷும் ஐப்பசி மழையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு சொட்டு விழாதபோதே, தென்கிழக்கில் இருட்டிக்கொண்டு வந்தால் டிவி நின்றுவிடுகிறது. வைத்திருப்பது டிடி ஃப்ரீ டிஷ். சமையல் எண்ணெய் தடவச் சொல்கிறார் ஒருவர், அலுமினியத் தாள் ஒட்டச் சொல்கிறார் இன்னொருவர். எது பலிக்கும்?
- வாசகி, வேளச்சேரி

டிடி ஃப்ரீ டிஷ் அலைவரிசைகள் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. சென்னையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. நம் ஊரில் மழைத்துளிகள் இருக்கும் அடுக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரம். ஆகவே, சாய்வாக இறங்கும் அலை, உங்கள் மாடிக்குத் தென்கிழக்கே 2 கிலோமீட்டர் தூரம் வரை பெய்யும் மழையைத் துளைத்துக்கொண்டுதான் வந்தாக வேண்டும். பெருங்குடிப் பக்கம் கொட்டினால் வேளச்சேரியில் படம் நிற்பது இதனால்தான்.

மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழை, டிஷ் பிடிக்கும் 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலையை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 5 டெசிபல் (சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அளவு) குறைத்துவிடும். அந்த மழைக்கு எந்தக் கைவைத்தியமும் எடுபடாது. வேகம் குறையும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். ஆனால் சாதாரணத் தூறலுக்கே படம் நின்றால், வெயில் அடிக்கும் நாளிலேயே உங்கள் டிஷ்ஷின் சிக்னல், படம் நிற்கும் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

அலுமினியத் தாளை மறந்துவிடுங்கள். இந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். டிஷ்ஷின் வளைவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே குவியம் கெடும். சுருங்கி மடிந்த தாள் அதைவிட மோசம். எண்ணெய் தடவினால் தண்ணீர் படலமாகத் தங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடும் என்பது உண்மை. ஆனால் கிடைக்கும் லாபம் அற்பம், இரண்டு நாளில் அதன்மேல் புழுதி அப்பிக்கொள்ளும். ஆசைப்பட்டால் காருக்குப் போடும் வாக்ஸை மெல்லியதாகத் தேயுங்கள். பளபளப்பான பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். வெயிலையும் டிஷ் எல்என்பியின் (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையைப் பிடிக்கும் கருவி) மேல் குவித்துவிடும்.

உண்மையில் பலன் தருவது, தெளிந்த வானத்தில் டிஷ்ஷைத் திரும்பச் சரியாகப் பொருத்துவது. முதலில் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனார் மட்டக்கோலை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். இப்போதுள்ள நிலையை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். செட் டாப் பாக்ஸில் சிக்னல் பக்கத்தைத் திறந்து, ஒருவர் கீழிருந்து போனில் எண்ணைச் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியது குவாலிட்டி எண்ணை, ஸ்ட்ரெங்த்தை அல்ல. ஸ்ட்ரெங்த் என்பது சிக்னலோடு கலந்து வரும் இரைச்சலையும் சேர்த்துக் காட்டும் அளவு. டிஷ் தவறான திசையைப் பார்த்தாலும் அது 80கூடக் காட்டலாம்.

குவாலிட்டி ஏற்கெனவே 90க்கு மேல் நின்றால், டிஷ்ஷை அசைத்தாலும் எண் அசையாது. அதற்கு ஒரு வழி: மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, எல்என்பியின் முகத்தில் ஒரு மடிப்பாகப் போர்த்துங்கள். குவாலிட்டி 50, 60க்கு இறங்கும். மொத்தமாகப் போய்விட்டால் இன்னும் பிழியுங்கள். இப்போது சிறு அசைவுக்கும் எண் ஏறி இறங்கும். டிஷ்ஷை மேலும் கீழும் சாய்க்கும் நட்டை, டிஷ் இறுக்கமாக நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, இம்மி இம்மியாக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் பாக்ஸ் எண்ணைப் புதுப்பிக்க மூன்று நான்கு விநாடி கொடுங்கள். மேலே எங்கே விழுகிறது, கீழே எங்கே விழுகிறது என்று இரண்டு எல்லைகளையும் குறித்து, நடுவில் நிறுத்துங்கள். பிறகு இடவலமாகவும் அப்படியே. செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் இடவலப் பிசகு கொஞ்சம் மன்னிக்கும், சாய்வுப் பிசகு மன்னிக்காது: 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் சாய்வு ஒரு டிகிரி தவறினால் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் போச்சு. நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள்; ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசியில் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

எல்என்பி அதன் பிடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், கோணல் என்று நினைத்து நிமிர்த்த வேண்டாம். சென்னையிலிருந்து பல செயற்கைக்கோள்களுக்கு அது சாய்ந்துதான் இருக்கும்.

கேள்வி: மழை பெய்து முடிந்து மணிக்கணக்காகியும் சிக்னல் வருவதில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் வருகிறது. சில நேரம் பாதி சேனல்கள் மட்டும் போகின்றன.
- வாசகர், திருவான்மியூர்

இது வானத்துக் கோளாறு இல்லை, கனெக்டர் கோளாறு. மழையால் குறையும் சிக்னல் மழை விட்டதும் திரும்பிவிடும். வெயிலில் காய்ந்த பிறகு வருகிறது என்றால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்து அலைகளையும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகளையும் எடுக்கும். துருப்பிடித்த இணைப்பில் 18 வோல்ட் போய்ச் சேராதபோது அந்தப் பாதிச் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். கடற்காற்றில் உப்பு இருப்பதால் உங்கள் பகுதியில் இது சீக்கிரமே வரும்.

பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்என்பி பக்கக் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தாலோ, நடுக் கம்பியைச் சுற்றியுள்ள சல்லடைக் கம்பி கறுத்திருந்தாலோ, பளபளக்கும் கம்பி தெரியும்வரை கேபிளை வெட்டித் தள்ளுங்கள். தண்ணீர் சல்லடை வழியாக உள்ளே ஏறியிருக்கும் என்பதால் ஒரு அடிகூடப் போகலாம். கேபிள் முனையில் மாட்டும் புது எஃப் கனெக்டரை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் வாங்கலாம். திருகிப் போடுவதைவிடக் கருவியால் அழுத்திப் பொருத்தும் வகை நல்லது. நடுக் கம்பி கனெக்டரின் வாயைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். சல்லடையின் ஒரு இழைகூட அதைத் தொடக்கூடாது.

மேலே சுற்ற, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கேட்டு வாங்குங்கள். இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி ஏறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரை போல ஒவ்வொரு சுற்றும் தண்ணீரைக் கீழே தள்ளும். அதன்மேல் சாதாரண பிவிசி டேப். சிலிக்கான் பசை பூசுவதானால், வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அது செம்பை அரிக்கும். எம்-சீல் போட்டு அடைத்தால் அடுத்த முறை கனெக்டரோடு எல்என்பியையும் சேர்த்து மாற்றவேண்டி வரும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன்னால் ஒரு சாண் தொங்கலாக விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி: எல்என்பிக்குக் குளிர்பான பாட்டிலை வெட்டி மாட்டலாமா? குடை கட்டலாமா?
- வாசகர், பெரம்பூர்

பாட்டில் சரி, ஆனால் முகத்தை மூடாமல். இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியையும் கழுத்தையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, எல்என்பியின் முதுகுக்கும் கனெக்டருக்கும் மேலே கூரையாக டேக் போட்டுக் கட்டுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கட்டும், முழுக்க மூடினால் உள்ளே வியர்க்கும். முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் வந்தால் அதில் நிற்கும் துளிகளே சிக்னலை மறைக்கும். எல்என்பியின் முகமூடி வெயிலில் வெடித்திருந்தால் மெல்லிய பாலிதீனை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொஞ்ச நாள் சமாளிக்கலாம், ஆனால் எல்என்பியை மாற்றுவதே தீர்வு. குடை வேண்டாம். நனைந்த துணியும் இரும்புக் கம்பிகளும் அலையின் பாதையில் நிற்கும், காற்றுக்குப் பாய்மரமும் ஆகும்.

கேள்வி: காற்றடித்தால் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. புயலுக்கு முன் கழற்றி வைக்க வேண்டுமா?
- வாசகி, தாம்பரம்

மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை நேராக மோதினால் சுமார் 15 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 2016இல் வர்தா புயல் அடித்த வேகம் அதற்கும் மேல். கைப்பிடிச் சுவரின் பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் போல்ட் இதற்குத் தாங்காது. செங்கல் வரை போகும் எக்ஸ்பான்ஷன் போல்ட் நான்கு வேண்டும். எச்சரிக்கை வந்த அன்றே, காற்று ஏறும் முன், நிலையைக் கோடு போட்டுவிட்டு டிஷ் தட்டை மட்டும் கழற்றுங்கள். காற்றிலும் இடியிலும் மாடிக்குப் போகாதீர்கள். பாக்ஸிலிருந்து கேபிளையும் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: சிக்னல் பூஸ்டர் வாங்கினால் மழைக்கு உதவுமா?
- வாசகர், போரூர்

உதவாது. மழையில் சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கிய பிறகு, இரண்டையும் சேர்த்துத்தான் பூஸ்டர் பெரிதாக்கும். மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை 40, 50 மீட்டர் கேபிள் ஓடினால் மட்டும் அதற்கு வேலை உண்டு, அதுவும் எல்என்பிக்கு அருகில் வைத்தால். அந்தப் பணத்தில் 90 சென்டிமீட்டர் டிஷ் வாங்குங்கள்: 60ஐவிட இரண்டேகால் மடங்கு பரப்பு, மூன்றரை டெசிபல் கூடுதல். கம்பத்தையும் தடிமனாக மாற்றுங்கள், காற்றின் தள்ளுதலும் இரண்டேகால் மடங்கு ஆகும்.