அந்த 46 துண்டுப் பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். திரைச்சீலைக் கம்பி மாட்ட, கதவுக் கீல் இறுக்க, குழாய் ஒழுகினால் பார்க்க என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடி அலுத்துவிட்டேன். நானே செய்யலாம் என்று இருக்கிறேன். மட்டக்களப்பு டவுனில் ஒரு மலிவு விலைக் கடையில் 46 துண்டுகள் உள்ள டூல்ஸ் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். ஹாட்வெயாரில் இரண்டு மூன்று நல்ல சாமானுக்குச் சொல்லும் விலைதான் அந்த முழுப் பெட்டிக்கும். "மலிவு சாமான் எல்லாம் குப்பை" என்கிறார் மாமா. எதை வாங்கலாம், எதை விடலாம்?

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி, தங்கச்சி. நான் ஆரையம்பதியிலிருந்து கல்முனை வரை வீட்டுத் திருத்த வேலை செய்து 20 வருடம் தாண்டிவிட்டது. என் பெட்டியிலும் மலிவுக் கடைச் சாமான் நிறையக் கிடக்கிறது. அவற்றில் சில பத்து வருடமாக உழைக்கின்றன. சில முதல் நாளே போய்விட்டன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விலைச்சீட்டில் பார்க்க முடியாது. ஒரு சாமானைக் கையில் எடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது பழுதானால் எது போகும்? சாமான் மட்டும் போகுமா, செய்கிற வேலையும் சேர்ந்து கெடுமா, இல்லை கையோ கண்ணோ போகுமா?

சாமான் மட்டும்தான் போகும் என்றால் தயங்காமல் மலிவுக் கடையில் வாங்குங்கள். பட்டி பூசும் தகடு, புனல், ஒரு தரம் பாவித்து எறியும் தூரிகை, ஆணி போட்டு வைக்கும் டப்பா, கேபிள் டை, குழாய் மரையில் சுற்றும் திரெட் டேப், இதற்கெல்லாம் ஹாட்வெயார் விலை தேவையில்லை. கேபிள் டை வெளியில் கட்டுவதற்கு என்றால் கறுப்பை எடுங்கள். வெள்ளை நம் ஊர் வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும்.

அளவு நாடாவையும் அங்கேயே வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கடையில் உள்ள இரண்டு மூன்று நாடாவைப் பக்கத்தில் பக்கத்தில் 3 மீற்றருக்கு இழுத்துக் கோடுகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முன்பக்கத்தில் சிறு வட்டத்துக்குள் ரோம எண் இரண்டு அச்சடித்திருந்தால் 5 மீற்றரில் பிழை 1.3 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்ற தர வகுப்பைச் சேர்ந்தது என்று அர்த்தம். நுனிக் கொக்கி லேசாக ஆடினால் பழுது என்று திருப்பி வைத்துவிடாதீர்கள். கொளுவி இழுத்து அளந்தாலும் சுவரில் முட்டி அளந்தாலும் ஒரே அளவு வருவதற்காக, கொக்கித் தகட்டின் தடிப்பு அளவுக்கு அது அசைய வேண்டும்.

ரசமட்டத்தைக் கடைக்குள்ளேயே சோதிக்கலாம். கண்ணாடி மேசையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். மேசை சரிவாக இருந்தாலும் பரவாயில்லை, குமிழி இரண்டு தரமும் மேசையின் ஒரே பக்கமாக, ஒரே தூரம் விலகி நின்றால் மட்டம் நல்லது. பக்கம் மாறினால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே பெட்டியிலிருந்து வந்த ஐந்தில் இரண்டு பிழையாகவும் மூன்று சரியாகவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றும் அதிக விலை கொடுத்து வாங்கியதற்குக் குறைந்தவை இல்லை. நீளமான சுவருக்கு நம் மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் டியூப் போதும். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் அது பிழைக்காது.

இரும்பு அறுக்கும் வாளில் சட்டம் வேறு, பிளேட் வேறு என்று பிரித்து யோசியுங்கள். சட்டம் மலிவாக இருக்கலாம், பிளேட்டை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் போதும். அறுப்பது பிளேட், அதை மட்டும் நல்லதாக ஹாட்வெயாரில் வாங்குங்கள். அங்குலத்துக்கு 24 பல் உள்ள 12 அங்குல பிளேட் வீட்டு வேலைக்குப் பொது. பல் முன்பக்கம் பார்க்க மாட்ட வேண்டும். தள்ளும்போதுதான் அது வெட்டும்.

அடுத்து ஸ்குரூ டிரைவர். மலிவுப் பெட்டியில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலிவு ஸ்குரூ டிரைவரின் நுனி மென்மையான இரும்பு. இறுக்கும்போது நுனி மழுங்கி வழுக்கும், வழுக்கும்போது ஸ்குரூவின் தலையையும் சுரண்டிவிடும். தலை போன ஸ்குரூவைக் கதவுக் கீலிலிருந்து கழற்ற ஓடாவிதான் வர வேண்டும், சில நேரம் நிலைக்கட்டையும் சேதமாகும். டிரைவரில் மிச்சம் பிடித்த காசைவிட அந்தச் செலவு கூட. அதனால் கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுக் கீலில் உள்ள ஸ்குரூ ஒன்றைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். நட்சத்திரத் தலை ஸ்குரூ பெரும்பாலும் இரண்டாம் நம்பர்தான், டிரைவரில் 'பி.எச். 2' என்று எழுதியிருக்கும். நுனியை ஸ்குரூத் தலையில் வைத்துச் சிறு அழுத்தம் கொடுத்து லேசாகத் திருப்புங்கள். ஆட்டம் இல்லாமல் இறுகி உட்கார வேண்டும். நுனி எட்டுத்திக்கும் அசைந்தால் அதன் வெட்டு சரியில்லை. இன்னொரு சோதனை அரம். வாங்கிய பிறகு நுனியின் ஓரத்தில் சிறு அரத்தை ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். நல்ல நுனியில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், மென்மையானதில் கடித்துக்கொண்டு இரும்புத்தூள் உதிரும். தண்டில் 'குரோம் வனேடியம்' என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள், அந்த எழுத்தை யாரும் அடிக்கலாம். காந்தம் இழுப்பதும் தரத்துக்கு அடையாளம் இல்லை.

அறுகோண நுனியுள்ள அலன் சாவியும், தாடையைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஸ்பேனரும் இதே குணம். ஸ்பேனரின் தாடையைப் பாதி திறந்து விரலால் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் அது உங்கள் பித்தளைக் குழாயில் உள்ள நட்டின் மூலைகளை உருட்டிவிடும், வழுக்கினால் விரல் மொழி சுவரில் அடிபடும். குறடு என்றால் அதன் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் பகுதியில் வெளிச்சம் தெரியக்கூடாது. ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்துப் பாருங்கள், நறுக்கென்று வெட்டினால் வாங்கலாம். குறட்டில் நல்ல மலிவுச் சாமான் கிடைப்பதுண்டு, தேடிப் பார்ப்பது வீண் போகாது.

கையும் கண்ணும் போகிற சாமான்களில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

சுத்தியலின் தலையில் நடுவால் ஒரு கோடு, பணிகாரம் இரண்டு அச்சில் ஊற்றி ஒட்டியது போலத் தெரிந்தால் அது வார்ப்பு இரும்பாக இருக்கலாம். அடிக்கும்போது சில்லு தெறிக்கும், தெறிக்கும் சில்லு கண்ணைத் தேடும். அடித்துச் செய்த தலைதான் வேண்டும். பிடி மரம் என்றால் மர ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் உடையும். சிலர் கடையில் இரண்டு சுத்தியலை முகத்தோடு முகம் மோதிப் பார்ப்பார்கள், அதைச் செய்யாதீர்கள், நல்ல சுத்தியலும் அப்படித்தான் சில்லு விடும். பழைய இரும்புக் கடை பக்கத்தில் இருந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். பழைய காலத்து அடித்த தலை கிடைத்தால் புதுப் பிடி போட்டுக்கொள்ளலாம். மலிவு என்று நான் மனசாரச் சொல்வது இதைத்தான். தோட்டத்துக்கு மண்வெட்டியும் கத்தியும் வேண்டும் என்றாலும் பளபளப்பானதைப் பார்க்காமல் கொல்லன் பட்டறையில் கேளுங்கள். லொறி ஸ்பிரிங் பிளேட் இரும்பில் அடித்த கத்தியின் கூர் நிற்பது போல அந்தப் பெயின்ட் பூசிய கத்தியில் நிற்காது.

மின்சாரம் சம்பந்தப்பட்டதில் இன்னும் கவனம். குறட்டின் பிடியில் பிளாஸ்டிக் இருப்பதால் அது மின்சாரத்துக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. சோதித்துத் தயாரித்ததில் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் இருக்கும். அதையும் போலியாக அடிக்கிறார்கள். அதனால் எந்தக் குறடு கையில் இருந்தாலும் மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டே தொடுங்கள். வயரிங் வேலையை அதற்குரியவரிடம் விடுங்கள், இதில் தயவுசெய்து என் சொல்லைக் கேளுங்கள். மலிவு எக்ஸ்டென்ஷன் கோட் வாங்கவே வேண்டாம். 13 அம்பியர் பிளக் போட்டிருப்பார்கள், உள்ளே வயர் அந்தப் பாரத்தைத் தாங்காது. 13 அம்பியருக்கு வயரின் செப்பு 1.25 சதுர மில்லிமீற்றராவது இருக்க வேண்டும், கோட்டின் மேல் அது அச்சடித்திருக்கும். சிலவற்றில் உள்ளே இருப்பது செப்பே இல்லை, செப்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு நூலைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இஸ்திரிப் பெட்டியும் கேத்திலும் அதில் போட்டால் சூடாகி உருகும். இலங்கைத் தரச் சின்னமான எஸ்.எல்.எஸ். குறி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

டிஸ்க் மாட்டி இரும்பு வெட்டும் கிரைண்டர் உங்களுக்கு இப்போது தேவையில்லை. பிறகு வாங்கினாலும் மலிவு டிஸ்க் மட்டும் வேண்டாம். 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 தரத்துக்கு மேல் சுற்றும், அந்த வேகத்தில் டிஸ்க் வெடித்தால் துண்டு பறந்து வரும். டிஸ்க்கில் போட்டிருக்கும் சுற்று எண்ணிக்கை மெஷினில் உள்ளதைவிடக் கூட இருக்க வேண்டும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அடித்திருக்கும். மலிவு மூட்டையில் கிடப்பவை பல அந்தத் திகதி தாண்டியவை. என் இடது முன்னங்கையில் நான்கு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, கீழே விழுந்த டிஸ்க்கை மாட்டி வேலை செய்த ஒரு மாலை அது. கண் தப்பியது கடவுள் புண்ணியம்.

பற்றரி ட்ரில் மேல் '48வி', '88வி', '128வி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் மயங்க வேண்டாம். லித்தியம் செல் ஒன்று சாதாரணமாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல் போட்டால் 18 வோல்ட், உச்சத்தில் 21 வோல்ட். அந்த மெஷின்கள் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான், மேலே உள்ள எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சார்ஜர் நேரத்தோடு நிற்காவிட்டால் பற்றரி சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும், தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். வேண்டாம். 46 துண்டில் 32 டிரைவர் நுனியும் சாவியுமாக இருக்கும், அவற்றில் உங்கள் கைக்கு வருவது மூன்று. அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து ஹாட்வெயாரில் நல்ல பி.எச். 2 டிரைவர் ஒன்று, தட்டை நுனி ஒன்று, 8 அங்குலக் குறடு ஒன்று, 10 அங்குலத் திருகு ஸ்பேனர் ஒன்று, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஆணி பிடுங்கும் சுத்தியல் ஒன்று வாங்குங்கள். ஒரே நாளில் எல்லாம் முடியாவிட்டால் டிரைவரும் ஸ்பேனரும் முதலில். நாடா, ரசமட்டம், வாள் சட்டம், டப்பா எல்லாம் மலிவுக் கடையில். வேலை முடிந்ததும் இரும்புச் சாமானைத் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசி மூடி வையுங்கள். கடல் பக்கம் உப்புக் காற்று, மாரி முழுக்க ஈரம், மெல்லிய குரோம் பூச்சு இரண்டு மாரிக்குள் செதில் செதிலாக உரிந்துவிடும்.

திரைச்சீலைக் கம்பி விஷயம் ஒன்று மிச்சம். நீங்கள் துளை போடப் போகும் இடம் ஜன்னலுக்கு மேலே. அங்கே இருப்பது புளொக் கல் இல்லை, லின்டல் கொங்கிரீட். சாதாரண ட்ரில் அதில் தேய்ந்துகொண்டு நிற்கும், மலிவு பிட்டின் நுனியில் ஒட்டிய கடின உலோகம் கழன்று விழும். அதற்காக மெஷின் வாங்காதீர்கள். வீடு முழுக்கத் துளை வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு, அடித்துத் துளைக்கும் மெஷின் உள்ள ஒரு மேசனை அரை நாள் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக 6 மில்லிமீற்றரில் போடச் சொல்லுங்கள். தூசைத் தட்டி, ஸ்குரூவைச் சுவரில் பிடித்து நிறுத்தும் ரோல் பிளக்கைத் துளையில் வைத்து ஸ்குரூவை இறுக்குவது உங்கள் பி.எச். 2 டிரைவரின் வேலை.