மனை யாருடையது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: கீழத் தஞ்சையில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், முதுமையில் கல் வீடு கட்டிக் கொடுக்கப் புறப்பட்டது ஏன்? மண் சுவரும் கீற்றுக் கூரையும் அந்த ஊருக்கேற்ற குளிர்ச்சியான வீடுதானே? கட்டித்தான் தீரவேண்டும் என்றால் கான்ட்ராக்டரிடம் விட்டால் சீக்கிரம் முடிந்திருக்குமே?

பதில்: குளிர்ச்சி உண்மைதான், சித்திரையில். ஐப்பசியில் போய்ப் பாருங்கள். கீற்று இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். வயலில் நிற்கும் தண்ணீர் தெருவுக்குள் வந்து இரண்டு நாள் தேங்கினால் மண் சுவரின் அடி ஊறிக் கரையும். மேல் பாகம் அப்படியே உட்காரும். பெரும்பாலும் ராத்திரியில், ஆட்கள் உள்ளே தூங்கும்போது.

அந்த மக்கள் குடிசையைத் தேர்ந்தெடுத்து வாழவில்லை. மனை மிராசுதாரருடையது. கூலியைக் கூட்டிக் கேட்டால் மனையைக் காலி செய் என்ற ஒரு வார்த்தை போதும். பிடுங்கப்படக்கூடிய இடத்தில் யார் அடித்தளம் போடுவார்? குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-ல்தான் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் ஒரு சின்னக் கீற்றுக் குடிசைக்குள் ஒளிந்த இடத்திலேயே எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கிருஷ்ணம்மாளையும் கணவர் ஜெகந்நாதனையும் கீழத் தஞ்சைக்கு இழுத்து வந்தது அந்த இரவு. அந்த மண்ணில் நின்று கீற்றுக் கூரையின் அழகைப் பேச என்னால் முடியாது.

1926-ல் திண்டுக்கல் பக்கம் அய்யங்கோட்டையில் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்து, படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர் கிருஷ்ணம்மாள். 1981-ல் இருவரும் தொடங்கிய 'லாஃப்டி' (உழுபவரின் விடுதலைக்கான நிலம்) இயக்கம் நிலத்தைப் பேசி வாங்கி, குடும்பத்துக்குச் சுமார் ஓர் ஏக்கர் என்று பெண்கள் பெயரில் பதிந்தது. பெண் பெயரில் என்பதுதான் இதில் முக்கியம். கணவர் குடித்துவிட்டு விற்க முடியாது. நிலம் கையில் வந்த பிறகுதான் வீடு என்ற பேச்சுக்கே அர்த்தம் வருகிறது. ஆகவே அது முதுமையில் தோன்றிய புது ஆசை இல்லை, முதல் வேலையின் மீதி.

இனி கான்ட்ராக்டர். கீழத் தஞ்சையின் களிமண் மழையில் ஊதிப் பருக்கும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டடிக்கு வானம் (அடித்தளக் குழி) தோண்டி வேலையை முடித்துப் போகிறவருக்கு அடுத்த வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் தெரியப்போவதில்லை. அங்கே வெடிப்பு முடியும் ஆழத்துக்குக் கீழே, நாலு நாலரை அடி போகவேண்டும். அடியில் மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதன் மேல் கான்கிரீட். பேஸ்மட்டத்தின் மேலும் ஜன்னல் தலைக்கு மேலும் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் நான்கு சுவரையும் சுற்றி விடாமல் ஓடவேண்டும். தரை, ஊரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்கு மேலே நிற்கவேண்டும்.

20-க்கு 10 அடி வீடு என்றால் ஒன்பது அங்குலச் சுவருக்கும் பேஸ்மட்டத்துக்குமாக உடைசல் சேர்த்துச் சுமார் ஏழாயிரத்து ஐந்நூறு செங்கல் பிடிக்கும். கல் அறுக்கும் பருவத்தைக் கவனியுங்கள். சம்பா அறுவடை முடிந்து தை மாசியில் தொடங்கி மழைக்கு முன் சூளை பிரிக்கவேண்டும். விவசாயக் கூலிக்கு வேலையே இல்லாத மாதங்களும் அவைதான். வெளியாள் கட்டினால் கல்லுக்கும் கூலிக்கும் போகும் பணம் ஊரை விட்டுப் போகிறது. ஊர்ப் பிள்ளைகள் கட்டினால் சாப்பாடாகிறது. லாஃப்டி இளைஞர்களுக்குக் கொத்து வேலை, தச்சு, குழாய் வேலை, தையல், கணினி என்று பயிற்சி கொடுத்ததும், பிள்ளைகள் படிக்க விடுதி நடத்தியதும் இதோடு சேர்ந்த காரியங்கள். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்து மூலையை நேராக்கும் பெண், எட்டாம் வகுப்புக் கணக்கைக் கையால் படிக்கிறாள். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற கலவை ஏன், கல்லை ஏன் நனைத்துக் கட்டவேண்டும் என்று தெரிந்தவள் சித்தாளாகவே முடிந்துபோக மாட்டாள். நனைக்காத கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும்; சிமெண்ட் பிடிக்காமல் பொடியாக உதிரும்.

தண்ணீரும் சும்மா கிடைக்கவில்லை. உப்புத் தண்ணீரில் குழைத்த கான்கிரீட்டில் கம்பி துருவேறிப் பருத்துக் கூரையைப் பிளக்கும். கடல்நீரை ஏற்றி நிரப்பிய இறால் பண்ணைகள் கிணறுகளை உவராக்கியபோது இந்தத் தம்பதி தெருவில் இறங்கினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. நிலம், தண்ணீர், வீடு, படிப்பு என்று நாம் தனித்தனித் தலைப்பு வைக்கிறோம். கிருஷ்ணம்மாள் வாழ்ந்த தெருவில் அது ஒரே வேலை. 2008-ல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் லாஃப்டிக்கும் சேர்த்தே வந்தது.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். ஏழை வீடு தாமதமாவது கொத்தனாரால் அல்ல. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் வேலை முடிந்த கட்டத்துக்குத்தான் தவணை வரும். முதல் கட்டத்துக்கான பணம் அந்தக் குடும்பத்திடம் இருக்காது. கடன் வாங்கிப் பாதிச் சுவர் எழுப்பி, அது மழையில் ஊறி நிற்கும். நீங்கள் உதவ நினைத்தால், திறப்பு விழாவுக்கும் சுவர் வண்ணத்துக்கும் காத்திருக்காமல் மாசி மாதமே பேஸ்மட்டத்துக்குப் பணம் கொடுங்கள்.