உள்ளங்கை அளவு நிழல், பழுப்பான செல்: பேனலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: மொட்டை மாடியில் 60 செல் சோலார் பேனல்கள் எட்டை ஒரே தொடராக இணைத்திருக்கிறோம். மாலை மூன்று மணிக்கு மேல் ஒரு பேனலின் மூலையில் தென்னை ஓலை நிழல் விழுகிறது. அங்கே ஒரு செல் பழுப்பாகிவிட்டது. இத்தனை சின்ன நிழலுக்கா?

பதில்: ஆமாம். பழுப்பாகியிருக்கிறதென்றால் அந்தச் செல் பல நாள் சுட்டிருக்கிறது. பேனலை மாற்றும் முன், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடைப் பாருங்கள்.

ஒவ்வொரு செல்லும் ஒரு பி-என் சந்தி. போரான் கலந்த சிலிக்கான் தகட்டின் மேல் பாஸ்பரஸ் ஊட்டிய மெல்லிய படலம். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அகலத்தில் மின்புலம் நிற்கிறது. வெளிச்சம் பட்டுப் பிரியும் எலக்ட்ரானை ஒரு பக்கமும், அது விட்டுவந்த காலியிடமான துளையை மறுபக்கமும் ஒதுக்குவது அதுதான். கிடைப்பது அரை வோல்ட் சொச்சம் என்பதால் அறுபதைக் கோக்கிறார்கள்.

கோத்தபின் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் போயாக வேண்டும். பாதி மறைந்த செல்லால் 9 ஆம்பியருக்கு நாலரைதான் தர முடியும். மற்றவை தள்ளுகிற தள்ளில் அதன் சந்தி பின்னோக்குச் சார்புக்கு, அதாவது வோல்ட் தலைகீழாகும் நிலைக்குப் போய்விடும். மின்சாரம் கொடுத்த செல் இப்போது வாங்கித் தின்னும். இதற்காகத்தான் பேனலின் பின்னால் உள்ள ஜங்ஷன் பாக்ஸில் 20 செல்லுக்கு ஒன்றாக மூன்று பைபாஸ் டையோடுகள்; மறைந்த செல் இருக்கும் இருபதைச் சுற்றி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விடுபவை. அது வேலை செய்தால் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கோடு இழப்பு நிற்கும். ஆனாலும் மறைந்த செல்லின் மேல் சுமார் 11 வோல்ட் எதிர்த்திசையில் இருக்கும். நாலரை ஆம்பியரோடு பெருக்கினால் 50 வாட்: கண்ணாடிக்கு அடியில் ஒரு சாலிடரிங் அயர்ன். டையோடு அறுந்திருந்தால் சூடு இன்னும் ஏறிக் கண்ணாடியே விரியும்.

சோதிக்கும் முன் இன்வெர்ட்டரையும் டிசி ஐசொலேட்டரையும் (பேனல்களைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள். எட்டும் சேர்ந்து 300 வோல்ட் டிசி. ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி நீளும். நடுப்பகலில் அந்தப் பேனலை மட்டும் தனியே அளந்தால் 33-35 வோல்ட் வர வேண்டும் (பேனலில் ஒட்டிய விவர அட்டையிலுள்ள 38, செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது). 22-23 வந்தால் ஒரு டையோடு ஷார்ட். அறுந்த டையோடு இதில் சிக்காது. அதற்கு இருட்டியபின் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பேனலின் மைனஸிலும் கறுப்பைப் பிளஸிலும் தொடுங்கள். ஒரு வோல்ட்டோ அதற்குக் குறைவோ காட்டினால் மூன்றில் எதுவும் அறுந்திருக்கவில்லை. எதுவும் காட்டாவிட்டால் ஒன்றாவது போய்விட்டது.

பாக்ஸ் உள்ளே பசை ஊற்றி அடைத்திருந்தால் டையோடு மாற்றுவது வீண் முயற்சி, வாரண்டியைக் கேளுங்கள். பின்பக்கத் தாள் கொப்புளித்திருந்தால் டையோடு நன்றாக இருந்தாலும் பேனலைக் கழற்றிவிடுங்கள். டையோடும் தாளும் நலமென்றால் ஓலையை வெட்டினால் போதும்.