கப்பலில் இரவுச் சாப்பாடு: பந்தி நேரமா, விருப்ப நேரமா?

சொகுசுக் கப்பல் பயணம் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரவுச் சாப்பாட்டைப் பற்றியவை. அதிலும் ‘எப்போது வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம்’ என்ற ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டு வாசலில் காத்து நின்றவர்களின் கடிதங்களே அதிகம். அதற்கான பதிலை மட்டும் விரிவாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: டிக்கெட் போடும்போது சாப்பாட்டு நேரம் எப்படி வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எங்களுக்கு எது சரிப்படும்?

பதில்: பழைய ஏற்பாட்டில் பிரதான உணவகத்தில் இரண்டு பந்திகள். முதல் பந்தி மாலை 5.30 அல்லது 6 மணி வாக்கில், இரண்டாவது 8 மணியைத் தாண்டி. பயணம் முழுக்க அதே மேசை, அதே வெயிட்டர், பக்கத்தில் அதே ஆட்கள். விருப்ப நேர ஏற்பாட்டில் உணவகம் திறந்ததிலிருந்து மூடும்வரை, அதாவது ஏறத்தாழ 5.30 முதல் 9.30 வரை, எப்போது வேண்டுமானாலும் போகலாம். எந்த மேசை கிடைக்கிறதோ அதில் உட்காரலாம்.

இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது நார்வீஜியன் கப்பல் நிறுவனம். 2000-ல் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்: ராயல் கரீபியனில் ‘மை டைம்’, ஹாலண்ட் அமெரிக்காவில் ‘ஆஸ் யூ விஷ்’, பிரின்சஸில் முன்பு ‘எனிடைம்’, பின்னர் ‘டைன் மை வே’. பெயரைப் பார்க்காதீர்கள். முன்பதிவு உண்டா, அல்லது வந்த வரிசைப்படிதானா, அல்லது இரண்டும் கலந்ததா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் மாலைப் பொழுதைத் தீர்மானிக்கும்.

துறைமுக நாட்கள் அதிகமுள்ள பயணத்துக்கு விருப்ப நேரம் நல்லது. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரம் தினமும் மாறும் என்பதால் பந்தி நேரத்துக்கு ஓடிவர வேண்டியிருக்காது. கடலிலேயே கழியும் நாட்கள் அதிகமென்றால், அல்லது கூட வருபவர்களில் சின்னக் குழந்தைகளோ உணவு ஒவ்வாமை உள்ளவர்களோ இருந்தால், பந்தி நேரத்தையே எடுங்கள் என்போம்.

கேள்வி: விருப்ப நேரம் எடுத்திருந்தோம். ஏழு மணிக்குப் போனால் நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஏழெட்டு மேசைகள் காலி! காலி மேசையை வைத்துக்கொண்டு ஏன் இந்த அலைக்கழிப்பு?

பதில்: அங்கே காலியாக இருந்தது மேசை மட்டும்தான். அந்த மேசைக்குரிய வெயிட்டருக்கு அந்த நிமிடம் கை ஓயவில்லை.

உணவகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு வெயிட்டரும் ஒரு உதவியாளரும் சேர்ந்து ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய கப்பல்களில் ஒரு பகுதியில் இருபது பேருக்கு மேல்கூட உட்காருவார்கள். ஆட்கள் உட்கார்ந்ததும் தண்ணீர், ரொட்டி, மெனு, ஆர்டர் என்று முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வெயிட்டருக்கு அந்த மேசையை விட்டு நகர முடியாது. பிறகு சமையலறைக்குப் போய் முதல் தட்டுகளை ஒரு இடத்தில் வாங்க வேண்டும், சூடான பிரதான உணவை வேறொரு இடத்தில் வாங்க வேண்டும். மூடியிட்ட தட்டுகளைப் பெரிய தட்டத்தில் அடுக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரே பகுதியில் மூன்று மேசைகளில் ஒரே நேரத்தில் ஆட்களை உட்கார வைத்தால் மூன்றாவது மேசைக்கு மெனு வரவே கால் மணி நேரம் ஆகிவிடும். அதனால் வாசலில் இருப்பவர் தன் திரையைப் பார்த்து, இந்தப் பகுதிக்கு ஒரு மேசை, அடுத்த பகுதிக்கு ஒரு மேசை என்று சுழற்சியில்தான் ஆட்களை அனுப்புகிறார். நீங்கள் வாசலில் நிற்காமல் உள்ளே போயிருந்தால் அதே நேரத்தை வெறும் மேசை முன்னால் கழித்திருப்பீர்கள்.

இன்னொரு காரணம், காலியாகத் தெரிந்த மேசைகளில் சில 7.15-க்கோ 7.30-க்கோ முன்பதிவானவையாக இருந்திருக்கும். ஆறு பேர் மேசையில் இரண்டு பேரை உட்கார வைத்தால் பின்னால் வரும் குடும்பத்துக்கு இடமில்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரும் மேசைகளோ எண்ணிக்கையில் குறைவு, கேட்பவர்கள் அதிகம். நீங்கள் இரண்டு பேர் என்றால், “மற்றவர்களோடு சேர்ந்து உட்காரத் தயார்” என்று வாசலிலேயே சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் காத்திருப்பு பாதியாகக் குறையும்.

எந்த நேரத்தில் போகலாம் என்பதற்குத் தினமும் கேபினுக்கு வரும் அல்லது செயலியில் தெரியும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். அரங்கத்தில் 7 மணிக்கு ஒரு காட்சி, 9 மணிக்கு ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக் காட்சிக்குப் போகிறவர்கள் 6.45-க்கும் 7.15-க்கும் இடையில் உணவகத்துக்கு வருவார்கள். ஏழு மணிக் காட்சி முடிந்து வெளியே வருபவர்கள் எட்டு மணிக்கு மொத்தமாக வருவார்கள். இந்த இரண்டு அலைகளுக்கும் நடுவில், 7.30 வாக்கில், ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். 8.30-க்குப் பிறகு கூட்டம் நன்றாகவே வடிந்துவிடும். திறக்கும் நேரத்துக்கே போய்விடலாம் என்று எல்லோரும் நினைப்பதால் அப்போதும் வரிசை இருக்கும்; இருபது நிமிடம் கழித்துப் போனால் அது கரைந்திருக்கும்.

பந்தி நேரமும் விருப்ப நேரமும் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் கப்பல்களில் ஒரு நேரத்தைக் கண்டிப்பாகத் தவிருங்கள்: இரண்டாம் பந்தி உட்காரும் நேரம். சில நூறு பேரின் ஆர்டர் ஒரே சமயத்தில் சமையலறைக்குள் போகும்போது உங்கள் தட்டு அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். இரண்டாம் பந்தி 8.15 என்றால் 7.30-க்குள் உட்கார்ந்துவிடுங்கள், இல்லையேல் 8.45-க்கு மேல் போங்கள்.

கேள்வி: புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே செயலியில் பார்த்தோம். ஏழு மணிக்கு எந்த நாளுமே இடமில்லை என்கிறது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. எல்லா இடங்களையும் முன்பதிவுக்குத் திறந்துவிடுவதில்லை. ஒரு பகுதியை நேரில் வருபவர்களுக்கென்று கையில் வைத்திருப்பார்கள். இப்போதைக்கு 6.15-ஓ 8.30-ஓ, கிடைப்பதைப் பிடித்து வையுங்கள். கப்பலில் ஏறிய நாள் மதியம், பஃபேக்கு ஓடுவதற்கு முன் பிரதான உணவகத்தின் வாசலுக்குப் போங்கள். நேரம் மாற்றித் தருவதற்கென்றே பல கப்பல்களில் அன்று அங்கே ஆள் உட்கார்ந்திருப்பார். முதல் இரவுக்கு மட்டும் கேட்காமல், பயணம் முழுவதற்கும் ஒரே நேரமாகக் கேளுங்கள். அவர்களுக்கும் அதுதான் வசதி.

முன்பதிவு வீணாவதற்கு முக்கியமான காரணம் கடிகாரம். கப்பல் தன் சொந்த நேரத்தில் ஓடும். அது துறைமுக நேரத்திலிருந்து மாறலாம். கரையருகே வந்ததும் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், நீங்கள் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போய் நிற்பீர்கள். கைபேசியில் தானியங்கி நேரத்தை அணைத்து, கப்பல் நேரத்தைக் கையால் வையுங்கள். ஏரோபிளேன் மோடில் வைத்து வைஃபையை மட்டும் இயக்கினால் கடலில் ரோமிங் கட்டணமும் ஏறாது. பெரும்பாலான நிறுவனங்களின் செயலிக்கு இணையப் பேக்கேஜ் தேவையில்லை. கப்பல் வைஃபையில் இணைந்தாலே போதும்.

கேள்வி: விருப்ப நேரம் எடுத்தால் தினமும் வேறு வேறு வெயிட்டர். நமக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒரே ஆளைக் கேட்க முடியாதா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம், பலருக்கு இது தெரிவதில்லை. பிடித்த வெயிட்டர் அமைந்த அன்றே அவருடைய பெயரையும் மேசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்து வெளியே வரும்போது வாசலில், “நாளையிலிருந்து இதே நேரம், இந்த வெயிட்டரின் பகுதி” என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். நேரத்தை மாற்றாமல் வந்தால்தான் இது நடக்கும். ஒரு நாள் 6 மணி, ஒரு நாள் 8 மணி என்றால் அவரது பகுதி நிரம்பியிருக்கும்.

இந்தக் குறை சாதாரணமானதல்ல. 2014-ல் ராயல் கரீபியன் தன் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஒற்றைப் பெரிய உணவகம் வைக்காமல், அதற்குப் பதில் பல சிறு உணவகங்களை வைத்து, ‘டைனமிக் டைனிங்’ என்று பெயரிட்டது. ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக இடம் பிடிக்க வேண்டியிருந்தது. பரிச்சயமான வெயிட்டரும் இல்லை. சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். டிஸ்னி கப்பல்களில் இதற்கு அழகான தீர்வு வைத்திருக்கிறார்கள்: உணவகம் நாளுக்கு நாள் மாறும், வெயிட்டர்களும் உங்களோடு கூடவே மாறி வருவார்கள்.

கேள்வி: மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. விருப்ப நேரச் சாப்பாட்டில் ஆபத்து அதிகமா?

பதில்: சமையலறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் விருப்ப நேரத்தில் தகவல் கைமாறும் இடங்கள் அதிகம், அதனால் தவறுக்கும் இடம் அதிகம். செய்ய வேண்டியது இதுதான். பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே நிறுவனத்தின் சிறப்புத் தேவைகள் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறிய அன்றே தலைமை வெயிட்டரைச் சந்தியுங்கள். அவரிடம் அடுத்த நாள் இரவின் மெனுவை முதல் நாளே கேட்டு வாங்கி, மகனுக்கு வேண்டியதை அப்போதே சொல்லிவிடுங்கள். சமையலறை அதைத் தனியாகத் தயாரித்து வைக்கும். பெரும்பாலான கப்பல்களில் இந்த வழக்கம் உண்டு. தட்டு மேசைக்கு வந்ததும், “இது வேர்க்கடலை இல்லாததுதானே?” என்று கொண்டுவந்தவரிடம் மறுபடி கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கவே கூடாது.

மேலே சொன்னபடி ஒரே நேரம், ஒரே வெயிட்டர் என்று பதிவு செய்வது உங்களுக்குக் கட்டாயம். முடியாவிட்டால் பந்தி நேரத்துக்கு மாறிவிடுங்கள்.

பஃபேயில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரு பாத்திரத்துக் கரண்டியை யாராவது அடுத்த பாத்திரத்தில் போட்டுவிடுவது சர்வ சாதாரணம். பஃபேயிலும் சமையல் பொறுப்பாளரைக் கூப்பிட்டு உள்ளிருந்து தனியாக எடுத்துத் தரச் சொல்லலாம். ஒவ்வாமை இல்லாதவர்களும் பஃபேக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கு, வாந்தியைப் பரப்பும் நோரோ வைரஸை வாசலில் தெளிக்கும் சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை.

கேள்வி: ஆறு கேபின்களில் பதினான்கு பேர் போகிறோம். ஒன்றாகச் சாப்பிட முடியுமா?

பதில்: டிக்கெட் போடும்போதே ஆறு முன்பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே வகை நேரத்தையே எடுத்திருக்க வேண்டும். பாதிப்பேர் பந்தி, பாதிப்பேர் விருப்பம் என்றால் சேர்ந்து உட்கார வைக்க முடியாது. பெரிய மேசைகள் பெரும்பாலும் எட்டு அல்லது பத்துப் பேருக்கானவை, ஆகவே அடுத்தடுத்த இரண்டு மேசைகளாகத்தான் கிடைக்கும். விருப்ப நேரத்தில் முன்பதிவில்லாமல் பதினான்கு பேர் போய் நிற்பது வேண்டாம்.

கேள்வி: கூடுதல் கட்டண உணவகங்களுக்குப் பேக்கேஜ் வாங்கலாமா?

பதில்: பேக்கேஜில் எத்தனை வேளை, எந்த உணவகங்கள், ஒரு வேளைக்கு எத்தனை தட்டு என்ற மூன்றையும் படித்த பிறகே வாங்குங்கள். சிலவற்றில் ஒரு தொடக்கம், ஒரு பிரதான உணவு, ஒரு இனிப்பு என்று வரம்பு உண்டு. மேலே கேட்பதற்குத் தனிக் காசு. பட்டியலில் உள்ள விலையோடு சேவைக் கட்டணமும் சேரும்: ராயல் கரீபியனில் 18 சதவீதம், நார்வீஜியனில் 20 சதவீதம். பேக்கேஜ் வாங்கினாலே இடம் கிடைத்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். இடத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சில நிறுவனங்களில் உணவகத்தையும் நேரத்தையும் அவர்களே போட்டு வைப்பார்கள். கப்பலில் ஏறிய உடனே அதைச் சரிபாருங்கள். முதல் இரவில் இந்த உணவகங்களில் கூட்டம் குறைவு, சில கப்பல்களில் விலையும் குறைவு. வர முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டால் முழுத் தொகையும் கணக்கில் ஏறலாம்.

வர்ஜின் வாயேஜஸ் மாதிரி பெரிய பஃபேயும் பிரதான உணவகமும் இல்லாமல், எல்லா உணவகங்களையும் டிக்கெட் விலைக்குள்ளேயே வைத்திருக்கும் நிறுவனமும் உண்டு. அங்கே பேக்கேஜ் கேள்வியே இல்லை. இடம் பிடிப்பதில் மட்டும் முந்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தினமும் வேறு வெயிட்டர் என்றால் டிப்ஸ் யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

பதில்: உங்கள் கணக்கில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாக ஏறும் தொகை பல ஊழியர்களுக்கும் பகிரப்படுகிறது. வெயிட்டர் மாறினாலும் அது போய்ச் சேரும். குறிப்பிட்ட ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் அன்றிரவே கையில் கொடுத்துவிடுங்கள். கடைசி இரவு வரை தள்ளிப்போட்டால், அவர் அன்று வேறு தளத்தில் இருக்கலாம், அல்லது பெட்டியைக் கட்டி வாசலில் வைக்கும் அவசரத்தில் நீங்களே உணவகத்துக்குப் போகாமல் பஃபேயோடு முடித்துவிடலாம்.

கேள்வி: சாப்பாடு இழுத்துக்கொண்டே போய் ஒன்பது மணிக் காட்சி தவறிவிட்டது. எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பதில்: மூன்று சுற்று உணவுக்கு ஒன்றரை மணி நேரம். ஆறு பேருக்கு மேல் உள்ள மேசை என்றால் இரண்டு மணி நேரம், ஏனென்றால் கடைசி ஆள் முடிக்கும்வரை அடுத்த சுற்று வராது. ஒன்பது மணிக் காட்சிக்கு நல்ல இருக்கை வேண்டுமென்றால் 8.40-க்கு அரங்கத்தில் இருக்க வேண்டும், ஆகவே 7 மணிக்கு மேல் உட்காராதீர்கள். உட்கார்ந்ததுமே வெயிட்டரிடம் “ஒன்பது மணிக் காட்சி” என்று சொல்லிவிடுங்கள். முதல் தட்டோடு சேர்த்துப் பிரதான உணவுக்கும் இனிப்புக்கும் அப்போதே ஆர்டர் கொடுத்தால் இருபது நிமிடமாவது மிச்சமாகும். நேரம் மிஞ்சாது என்று தோன்றினால் இனிப்பை விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். காட்சி முடிந்து வரும்போது பல கப்பல்களில் காபிக் கடையிலோ பஃபேயிலோ இனிப்பு வகை ஏதாவது இருக்கும்.