காலு நரம்பைச் சுட்டுட்டா காலே போயிருமா? வெரிகோஸ் கேள்விகளுக்குப் பதில்

ரங்கூன் தாம்வேல மொகிங்கா (மீன் சூப் நூடுல்ஸ்) கடை வெச்சிருக்கேன் டாக்டரம்மா, விடிய நாலு மணிலேர்ந்து நின்னுக்கிட்டே தான் வேலை. இடது கால்ல நரம்பு புழு மாதிரி சுருண்டு நிக்குது. சூடு வெச்சுப் பொசுக்கிருவாங்களாம், அப்புறம் காலு வெளங்காதுன்னு நாத்தனார் சொல்றாங்க, நெசமா?

அக்கா, இந்தக் குழப்பம் நம்ம பேச்சுலேர்ந்தே வருது. ரத்தம் ஓடுற குழாயையும் நரம்புங்குறோம், உணர்ச்சியைக் கொண்டு போறதையும் நரம்புங்குறோம். சுடுறது ரத்தக்குழாயை, அதுவும் கெட்டுப் போனதை மட்டும். கால்லேர்ந்து ரத்தம் மேல ஏறணும்ல, அது திரும்பிக் கீழ எறங்காம இருக்க வழி நெடுக சின்னச் சின்ன வால்வு இருக்கு, அது பழுதானா ரத்தம் கீழயே தேங்கிப் பொங்கிக்கும், அதைத்தான் வெரிகோஸ்ங்குறோம். பொங்குறது உங்க கண்ணுக்குத் தெரியுற கெண்டைக்கால்ல, ஒழுகுறது பெரும்பாலும் மேல கவட்டிப் பக்கம். அதனால தான் புழுவை விட்டுட்டு தொடை உள்பக்கமா ஓடுற பெரிய குழாயை மூடுறோம். காலோட ரத்தம் முக்காவாசிக்கு மேல ஆழத்துல இருக்குற குழாய் வழியாத்தான் போகுது, ஒழுகுற ஒண்ணை அடைச்சா நட்டமில்ல, லாபம் தான்.

ஆனா அந்த ஆழக்குழாய் நல்லா இருக்கான்னு முதல்ல பாக்கணும், அதுக்குத்தான் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டுற டாப்ளர் ஸ்கேன். உங்களை நிக்க வெச்சு, லுங்கியைத் தொடை வரைக்கும் தூக்கச் சொல்லி, கெண்டைக்காலை ஒரு தடவை அமுக்கி விடுவோம். விட்டதும் ரத்தம் அரை செகண்டுக்கு மேல கீழ பாஞ்சா வால்வு போச்சுன்னு அர்த்தம், ஸ்க்ரீன்ல கலரே மாறும், நீங்களே பாக்கலாம். படுக்க வெச்சு மட்டும் பாத்துட்டு "லேசர் ஒளியால குழாயைச் சுட்டிரலாம்"னு சொல்றவங்கள நான் நம்ப மாட்டேன்.

மயக்க ஊசி உண்டா? வலிக்குமா?

முழு மயக்கம் தேவைப்படுறது அபூர்வம். முட்டிக்கிட்ட ஒரு ஊசி ஓட்டை, அது வழியா ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மெல்லிய குழலை மேல ஏத்தி, கவட்டியில ஆழக்குழாயோட சேர்ற எடத்துக்கு 2 செ.மீ. முன்னாடியே நிறுத்திருவோம். அப்புறம் தான் கொஞ்சம் கஷ்டம், குழாயைச் சுத்தி மரத்துப்போற மருந்து கலந்த சலைன் தண்ணிய வரிசையா பல எடத்துல ஊசியில ஏத்தணும். வந்தவங்க எல்லாரும் முணுமுணுக்குறது அதுக்குத்தான், சூட்டுக்கு இல்ல. அந்தத் தண்ணி தான் சூடு தோலுக்கும் நெசமான நரம்புக்கும் போகாம காக்குது. ரேடியோ அலை மெஷின்ல ஒரு வகைக்கு 7 செ.மீ. நீளத்துக்கு 120 டிகிரி சூடு, 20 செகண்டு, அப்புறம் குழலைக் கொஞ்சம் கீழ இழுத்து மறுபடி 20 செகண்டு. ஒரு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சு நடந்தே வெளிய போவீங்க. (நடுவுல கரண்ட் போகும்ல, ஜெனரேட்டர் இருக்கான்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க, சிரிக்காதீங்க.)

லேசரா, ரேடியோ அலையா?

ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். மெஷினை விட அதைப் பிடிக்கிற கை முக்கியம்.

எங்கப்பாவுக்கு சக்கரை இருக்கு, நாளைக்கு ஹார்ட் பைபாஸ் பண்ண கால் நரம்பு தானே எடுப்பாங்க, அதைச் சுட்டுட்டா?

நல்ல கேள்வி தம்பி. வீங்கிச் சுருண்ட குழாய் பைபாஸுக்குப் பெரும்பாலும் ஒதவாது, இன்னொரு கால் இருக்கு, நெஞ்சுக்குள்ளயும் ரத்தக்குழாய் இருக்கு. ஆனா குழாயை மூடின பிறகு போடச் சொல்ற இறுக்கமான சாக்ஸை, சக்கரைக்காரருக்கு மாட்டுறதுக்கு முன்னாடி கால்ல நாடித் துடிப்பு சரியா இருக்கான்னு பாத்தே ஆகணும், கீழ எறங்குற ரத்தமே கம்மியா இருந்தா சாக்ஸ் புண்ணை உண்டாக்கிரும்.

அம்மாவுக்குக் கணுக்கால் உள்பக்கம் புண்ணு, ஏழு மாசமா ஆறல. மஞ்சளும் தனாக்காவும் (மரப்பட்டை அரைச்ச பூச்சு) போடுறோம்.

போடாதீங்க, மொதல்ல அதை நிறுத்துங்க. அந்த எடத்துல, சுத்தி தோல் கறுத்துப் போயிருந்தா, பெரும்பாலும் ரத்தம் தேங்குன புண்ணு தான், மேல எத்தனை பூசினாலும் கொழாய் ஒழுகுற வரைக்கும் ஆறாது. இங்கிலாந்துல 450 பேரை வெச்சுப் பாத்து 2018ல வெளியிட்டாங்க, இறுக்கமான கட்டு மட்டும் கட்டி குழாய் அடைக்குறதைத் தள்ளிப்போட்டவங்கள்ல பாதிப் பேருக்குப் புண் ஆற 82 நாள் ஆச்சு, கட்டோட ரெண்டு வாரத்துக்குள்ள குழாயையும் அடைச்சவங்களுக்கு 56 நாள். கட்டு வேண்டாம்னு இல்ல, கட்டும் வேணும்.

செஞ்சுக்கிட்டு பத்து நாள்ல தீமிதி வேண்டுதல், போகலாமா? அப்புறம் மெட்ராஸ்ல செஞ்சுக்கிட்டா உடனே ஃப்ளைட்ல வரலாமா?

நடக்குறது நல்லது, நின்னுக்கிட்டே இருக்குறது தான் கெடுதி. ஆனா தீமிதியைத் தள்ளிப்போடுங்க, ஆத்தா அடுத்த வருஷமும் இருப்பா. ஃப்ளைட்டுல நாலு மணி நேரத்துக்கு மேல போற பயணத்தை நாலு வாரம் ஒத்திப்போடச் சொல்லுவோம், மெட்ராஸ்லேர்ந்து ரங்கூன் அதை விடச் சின்னது தான், இருந்தாலும் செஞ்ச டாக்டர்கிட்ட கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. ஒரு வாரம் கழிச்சு தொடையில கயிறு இழுக்குற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலிச்சாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி, எனக்கு எழுதிக்கிட்டு உக்காராதீங்க.